அச்சில் வரக்கூடாத பெயர்

1975இல் மெல்பனில் சந்திரவதனா வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்துவந்தாள். கிரஹாம் என்ற இசையமைப்பாளர் எழுதும் மூலப்பிரதியைப் பார்த்து, வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இசைக்குறிப்புத் தாள் எழுதிக் கொடுப்பாள். யாழ்ப்பாணத்தில் பியானோ படித்தது கைகொடுத்தது.

அவருடைய புதிய படைப்பின் இரண்டாம் பகுதியில் பேனா நின்றது. வயலின்களுக்கு எழுதியிருந்த மெட்டு அவள் ஏற்கெனவே கேட்டது. சனிக்கிழமைகளில் அவள் கமலான் வகுப்புக்குப் போவாள். வெண்கலத் தட்டுகளையும் குடங்களையும் தட்டி வாசிக்கும் ஜாவா இசை. அங்கே ஆசிரியர் யோனோ, தாமே அமைத்தது என்று சொல்லி இந்த மெட்டை வாசித்தபோது, பின்வரிசையில் கிரஹாம் டேப் ரெக்கார்டரோடு இருந்தார். மூலப்பிரதியின் முகப்பில் கிரஹாமின் பெயர் மட்டுமே இருந்தது.

"களவெடுத்துப் போட்டார்," என்றாள் கணவன் சிறிதரனிடம்.

"அவரிட்டையே கேட்டுப் பாருமன்."

"கேட்டா ஓம் எண்டு சொல்லுவாரே?"

மறுநாள் கிரஹாம் தொலைபேசியில், "வகுப்பில் யோனோவிடம் இந்த மெட்டைப் பற்றிப் பேச வேண்டாம்," என்றார். அதோடு அவர் திருடியதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. யோனோவின் முழுப்பெயரை ஒரு கடித உறையில் பார்த்திருந்தாள். பன்னிரண்டு தாள்களின் தலைப்பிலும் 'மெட்டு: சுஹார்யோனோ' என்று எழுதி, வாத்தியக்காரர்களிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒத்திகைக்குக் கமலான் வாத்தியங்களைக் கொண்டுவந்திருந்த யோனோ வயலின்காரரின் தாளைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. அவளை வெளியே கூப்பிட்டார்.

"இந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னைப் பற்றி விசாரிக்கச் சொன்னது யார்?"

"ஒருவரும் இல்லை. அவர் உங்கள் மெட்டைத் திருடிவிட்டார் என்று நினைத்தேன்."

"பெயர் போடாதே என்று அவரிடம் கெஞ்சியது நான். என் தம்பி ஜாவாவில் பத்து வருஷமாக அரசியல் கைதியாகச் சிறையில் இருக்கிறான். நான் இருக்கிற இடம் தெரிந்தால் ராணுவத்தினர் அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்."

அவள் உள்ளே ஓடிப்போய்க் கிரஹாமிடம் சொல்லித் தாள்களைத் திரும்ப வாங்கினாள். கிரஹாம் இரண்டு சவர பிளேடுகள் கொண்டுவந்தார். அவரும் அவளும் தரையில் உட்கார்ந்து பெயரைச் சுரண்டினார்கள். பதினொரு தாள்தான் இருந்தது. ஒத்திகைக்கு வராத செல்லோக்காரரின் தாள் ஊருக்கு வெளியே வெரிபீயில் அவர் வீட்டில் இருந்தது. சிறிதரன் அன்று மாலையே அவளைக் காரில் அங்கே கூட்டிப்போனான். அவள் பெயரைச் சுரண்டியபோது செல்லோக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காததும் அவளுக்குப் பயமாக இருந்தது.

கச்சேரி நடந்தது. வயலின்களுக்கு நடுவே வெண்கலம் ஒலித்தபோது மண்டபம் மூச்சடக்கிக் கேட்டது. கைதட்டலுக்குக் கிரஹாம் மட்டும் முன்னே வந்து தலைகுனிந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் யோனோ அவளுக்கு வழமைபோலப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முடிந்ததும், எந்த ட்ராமில் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள்.

அவரும் வழக்கமாக அதில்தான் போவார். அந்த ட்ராம் வந்தபோது அவள் ஏறினாள், அவர் ஏறவில்லை. அடுத்ததற்காகக் காத்து நின்றார்.