மரத்துப்போன மத்தியானம்

"டாக்டர்கிட்ட ஏம்மா பொய் சொன்னே? ஊசி போட்ட அன்னிக்கு உனக்கு வலி இருந்துச்சா, இல்லையா?"

"என் இடுப்பு வலி எனக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியுமாக்கும்."

எதிர்வீட்டுத் தையல்காரியும் அவள் அம்மாவும்தான். ஜன்னலைச் சாத்தாமல் சண்டை போட்டால் நாங்கள் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

விஷயம் இதுதான். தையல்காரிக்கு வெளியூர் லிஃப்ட் மெக்கானிக் ஒருவனோடு கல்யாணம் பேசி முடித்தாயிற்று. அம்மா தனியாக எழுந்து நடமாடட்டும், அப்புறம் தேதி வைக்கலாம் என்று அவளேதான் தள்ளிப்போட்டிருந்தாள். அண்ணன் தனிக்குடித்தனம் போனவன். எட்டிப் பார்ப்பதோடு சரி.

முதுகெலும்பின் சின்ன மூட்டில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்ட டாக்டர், எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்து அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டார். அது வெறும் சோதனை. சில மணி நேரம் வலி விட்டால் அந்த மூட்டுதான் காரணம். அடுத்து, வலியைக் கடத்தும் நரம்பைச் சூடு வைத்து அடக்கிவிடலாம். விடவில்லையென்றால் அந்த வைத்தியமே கிடையாது. ஊசி எங்கே நிற்கிறது என்பதைத்தான் திரை காட்டும். வலி விட்டதா என்பதற்கு நோயாளியின் வாய்தான் சாட்சி.

அந்த வாய், துளிகூடக் குறையவில்லை என்று சொல்லிவிட்டது.

ஆனால் அன்று மத்தியானம், மகள் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில், அம்மா ஸ்டூல்மேல் ஏறித் திரைச்சீலைகளைக் கழற்றி, வாளியில் முக்கி, குனிந்து குனிந்து பிழிந்து காயப்போட்டதை எங்கள் மாடியே பார்த்தது. "அம்மாவுக்குத் தேவலை போலிருக்கே?" என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான். அக்கறையில் கேட்டதுதான்.

கடைசியில் அம்மாவின் குரல் இறங்கியது. "வலி போயிட்டா நீயும் போயிடுவே."

பிறகு மகள், "வலி இருந்தாலும் போறேம்மா," என்றாள்.

போயும் விட்டாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். தையல் மெஷினோடு வெளியூர். வேறு வழியில்லாமல் அண்ணன் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஊசியின் மரப்பு அன்றைக்கே விட்டுப்போயிற்று. வலி என்னவோ நிஜ வலிதான். இப்போது மறுபடி போட்டுக்கொள்ள அம்மா தயாராம். கூட்டிப்போகத்தான் ஆளில்லை.

மருமகள் சொல்கிறாளாம்: "அந்த ஊசி கேக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க அத்தை?"