சாய்வுத் தரையில் பழகிய ரோபோ

எனக்கு வாய் நீளம் என்று சக்குபள்ளத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்று அது பாலக்காடு வரைக்கும் நீண்டது.

எங்கள் ஜில்லாவுக்கும் பாலக்காட்டுக்கும் சேர்த்து அங்கே ஒரு பள்ளி அரங்கில் ரோபோட்டிக்ஸ் போட்டி. விதி எளிதுதான். சீட்டுக் குலுக்கி இரண்டிரண்டு பள்ளிகளை ஒரு கட்சியாகச் சேர்ப்பார்கள். முதல் முப்பது விநாடி ரோபோ தானாக ஓட வேண்டும். எழுதி வைத்த புரோகிராம்தான் அதை ஓட்டும், யாரும் கை வைக்கக் கூடாது. பிறகு இரண்டு நிமிடம் ரிமோட்டில் ஓட்டலாம். பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டால் புள்ளி. இரண்டு சுற்றில் எதில் அதிகமோ அதுதான் சேரும். முதல் நான்கு கட்சிகள் மாநிலப் போட்டிக்குப் போகும். களத்துக்குள் ஒரு பள்ளிக்கு இரண்டு பேர்தான் நிற்கலாம், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு.

எங்கள் பள்ளிக்கு அந்த இரண்டு பேர் நானும் ஜிபினும். புரோகிராம் நான் எழுதினேன். ரோபோவை முழுக்கக் கட்டியது அவன். அவன் ஐந்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழை. அவன் அம்மா செபமாலையம்மாள் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். மகன் களத்துக்குள் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்று வேலைக்குப் போகாமல் எங்களோடு வேனில் வந்திருந்தார். வழியெல்லாம் வாந்தி, ஆனாலும் முகத்தில் சிரிப்பு.

குலுக்கலில் எருத்தேன்பதிப் பள்ளி எங்களுக்கு ஜோடியாக வந்தது. முதல் சுற்றுக்கு விசில் ஊதினார்கள். எங்கள் ரோபோ நேராகப் போகாமல் வலப்பக்கம் வளைந்துபோய் எருத்தேன்பதி ரோபோவின் விலாவில் முட்டி நின்றது. இரண்டும் சிக்கிக்கொண்டன. ரிமோட்டில் பிரித்தெடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எங்களால் அவர்களுக்கும் கேடு.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். எல்லாரும் நிற்கும்போதே ஜிபினைப் பிடித்துக்கொண்டேன். வலது சக்கரத்தை மாட்டும்போது எங்கே பராக்குப் பார்த்தாய், ஒரு வேலை உருப்படியாகச் செய்யத் தெரியாதா என்று கேட்டேன். அடுத்த சுற்றுக்கு ஜெகன் வரட்டும் என்று எங்களைக் கூட்டி வந்த இன்னாசிராஜ் சாரிடமும் சொன்னேன். ஜெகன் எங்கள் மாற்று ஆள். ஜிபின் அட்டையைக் கழற்றி ஜெகனிடம் கொடுத்தான். மேலே பார்வையாளர் வரிசைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, ஓரமாக உட்கார்ந்து வலது சக்கரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

எருத்தேன்பதி அணியிலிருந்து ஆர்த்தி என்ற பெண் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். நீங்கள் எங்கே ஓட்டிப் பழகினீர்கள் என்று கேட்டாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், காய் கழுவும் தளத்தில் என்றேன். அவ்வளவு பெரிய சிமெண்ட் தரை எங்கள் பள்ளியில் கிடையாது. அவள் ஒரு பந்தை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இங்க வெச்ச எடத்துலயே நிக்குதுங்க. உங்க தளத்துல நிக்குங்களா?"

எங்கே நிற்கும்? கழுவிய தண்ணீர் வடியட்டுமென்று அந்தத் தளத்தை இடப்பக்கம் சாய்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ரோபோ இடப்பக்கம் சரிகிறதே என்று, வலப்பக்கம் இழுக்கச் சொல்லி ஒரு வரி எழுதியவள் நான். எழுதியதை மறந்தும் போனேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நேராகத்தான் இருந்தது, நான்தான் கோணல்.

அந்த வரியை அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஜிபினிடம் போக அதைவிட நேரமாயிற்று. சக்கரத்தில் ஒன்றுமில்லை, நான் எழுதியதுதான் தப்பு என்று சொன்னேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாலு தடவ கழட்டிப் பாத்தேன்" என்றான். "அம்மாட்டயும் என் தப்புன்னு சொல்லிட்டேன்."

நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜெகனிடம் கொடுத்ததைப் பிடுங்குவது நியாயமில்லை, அவன் என்ன பாவம் செய்தான்? என் அட்டையைக் கழற்றி ஜிபின் கழுத்தில் மாட்டினேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? மூன்று மாதமாக அந்தக் களத்துக்குள் நிற்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே போய் செபமாலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மகனால் உங்களுக்கெல்லாம் கெட்டுப்போச்சு, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. ரோபோ நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் மூன்று பந்துகளைக் கூடையில் போட்டது. ரிமோட்டில் ஜெகனும் ஜிபினும் மாறி மாறி ஓட்டினார்கள். கடைசியில் பலகையில் எங்கள் கட்சியின் பெயர் நான்காவதாக ஏறியது.

"தப்பத் திருத்திட்டான் பாத்தியா?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் சும்மா இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது.

"அவன் தப்பே செய்யலம்மா. நேராப் போனது அவன் செஞ்ச வண்டி. முன்ன கோணிப் போனது நான் எழுதுனதுல. பழிய அவன் மேல போட்டுட்டேன்."

அவர் என் கையை விடவில்லை. இதை அவனிடம் சொன்னாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

"அப்ப இங்க என்ன உக்காந்திருக்க? கீழ போயி அவங்கூட நில்லு."