தூங்க வந்தவள்

அவளுக்குக் கொட்டாவி என்று பேர் வைத்தது நெட்டைதான். வைத்ததில் தப்பும் இல்லை. காலை செபத்தில் திருப்பாடலின் முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவே அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கையால் மறைப்பாள். அது பக்கத்தில் இருப்பவளுக்குத் தொற்றும், அங்கிருந்து எதிர் வரிசைக்குத் தாவும். கடைசியில் சிஸ்டரே செபப் புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டு கண்ணைத் துடைப்பார்.

கோவிலுக்குப் பின்னால் இருந்த பழைய வீடு அது. படிப்பை முடித்தவர்கள், வேலையை விட்டவர்கள், இன்னும் எதையும் தொடங்காதவர்கள் என்று சில இளைஞர்கள் ஒரு வருஷம் அங்கே தங்குவார்கள். காலையில் செபமும் திருப்பலியும், பிறகு விவிலிய வகுப்பு, மதியத்துக்கு மேல் பங்கில், அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களுக்கு, வீடு வீடாகப் போவது. கீழ்த்தளம் ஆண்களுக்கு, மேல்தளம் பெண்களுக்கு. பக்கத்து மடத்திலிருந்து சிஸ்டர் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அந்த வருஷம் வந்தவர்கள் நான்கு பேர். ஒருவன் நல்ல வேலை கிடைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தது நெட்டை, எந்நேரமும் கிட்டாரும் கையுமாக இருக்கும் பாட்டு என்ற பெண், அப்புறம் கொட்டாவி.

வந்த புதிதில் மூவருக்கும் கால் தரையில் படவில்லை. இப்போது செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நெட்டை சொல்வான். சில வீடுகளில் டிவி சத்தம் வெளியே வரை கேட்கும், மணியை அடித்ததும் சத்தம் நின்றுபோகும், ஆனால் கதவு திறக்காது. சில வீடுகளில் வாங்க வாங்க என்று உட்காரவைத்து டீ கொடுத்து, பிரசங்கம் நீளம், மைக் சரியில்லை, போன சாமியார் போல இந்தச் சாமியார் இல்லை என்று ஒரு மூச்சு கொட்டித் தீர்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கும். வீட்டுக்கு வந்தால் பெருக்க வேண்டும், சமைக்க வேண்டும், மறுநாள் வகுப்புக்குப் படிக்க வேண்டும். பாட்டுகூட இப்போதெல்லாம் கிட்டாரை உறையை விட்டு வெளியே எடுப்பதில்லை.

இதில் கொட்டாவிக்கு மிகவும் அலுத்துப்போனது ஒன்று உண்டு. உறுதிபூசுதல் என்ற திருச்சடங்குக்குத் தயாராகும் பிள்ளைகள் வரும்போதெல்லாம், ஆண்டவர் தன்னை எப்படி அழைத்தார் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். அவள் சொல்லும் கதை எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு மதிய வேளையில் யாருமில்லாத கோவிலில் உட்கார்ந்திருந்தேன், மனசுக்குள் ஓர் அமைதி வந்தது, போ என்று யாரோ சொன்னது போலிருந்தது. முதல் தடவை அவ்வளவுதான் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதைக்குச் சதை பிடித்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு ஜன்னல் வழியாக வெளிச்சமும் வந்துவிட்டது.

தையல்காரியின் வீட்டுக்கு அவளும் நெட்டையும் போனது அப்படி ஒரு வாரத்தில்தான். அந்தக் குடும்பம் கோவிலுக்கு வருவதே இல்லை, எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பங்குத்தந்தை சொல்லியிருந்தார். பழைய குடியிருப்பில் கீழ்த்தளத்து வீடு. ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதைச் சுற்றிப் பள்ளிச் சீருடைச் சட்டைகள் குவியல் குவியலாக. மறுபக்கம் கட்டில். கட்டிலில் அவளுடைய அண்ணன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன.

நெட்டை விவிலியத்தைத் திறந்தான். தையல்காரி ஊசியைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தாள்.

"செபம் அப்புறம் பண்ணலாம் தம்பி. நல்ல உயரமா இருக்கீங்க. அந்தக் கால் பக்கம் போங்க. அண்ணனைத் திருப்பிப் படுக்க வைக்கணும், எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

நெட்டை இவளைப் பார்த்தான். இவள் அதற்குள் கட்டிலின் தலைப்பக்கம் போயிருந்தாள். விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, "ஆளைப் பிடிச்சு இழுக்காத. துணியை இழு. நான் சொல்றப்போ" என்றாள். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அவர் வலியில்லாமல் ஒருக்களித்தார். முதுகில் சிவந்த இடத்தைப் பார்த்து அவள் ஒரு தலையணையை மடித்து இடுப்புக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தாள்.

தையல்காரி ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "உனக்குக் கை பழகியிருக்கே. யாரைப் பாத்துக்கிட்ட?"

"நான் சும்மா..." என்று இழுத்தாள் கொட்டாவி.

அதற்குப் பிறகு அவர்கள் அடிக்கடி அங்கே போனார்கள். போய்ச் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைப்பார்கள், துடைத்துவிடுவார்கள். பிறகு தையல்காரி துணிக்குவியல் மேலேயே சாய்ந்து கண்ணை மூடிவிடுவாள். இவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நெட்டை மெல்லிய குரலில் செபமாலை சொல்வான். அண்ணன்காரருக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் நெட்டை மருந்து வாங்கி வர வெளியே போயிருந்தான். தையல்காரி அன்று தூங்கவில்லை. காலர் ஒன்றைப் பிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள்.

"சொல்லு, யாரைப் பாத்துக்கிட்ட?"

"எங்க அப்பாவை. இவரைப் போலத்தான். பேச்சு மட்டும் இருக்கு. ஆனா என்ன பேசறோம்னு அவருக்கே தெரியாது."

"அம்மா?"

"இல்ல. நான் பத்தாவது படிக்கிறப்பவே போயிட்டாங்க."

"அப்போ இப்ப யாரு பாக்கறா?"

"தங்கச்சி."

தையல்காரி பிரித்த காலரைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றாள் தையல்காரி. குத்தலாகக் கேட்கவில்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்பது போலக் கேட்டாள்.

கோவில், மதிய வேளை, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. கட்டிலில் இருந்தவர் கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கறதுக்கு" என்றாள். "அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதுல இருந்து நான்தான்கா பாத்துக்கிட்டேன். ராத்திரி பூரா எழுப்புவாரு. பல் டாக்டர் கிட்ட ரிசப்ஷன்ல வேலை. அங்க உக்காந்தே தூங்கிடுவேன். ஒருநாள் கோவில்ல இந்த ஒரு வருஷத்தைப் பத்தி அறிவிச்சாங்க. தங்க இடம், தனிக் கட்டில்னு சொன்னாங்க. கட்டில்னு கேட்டதும் கையைத் தூக்கிட்டேன்."

தையல்காரி சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "நல்ல காரணம். கோவில்ல இப்படி ஒரு ஏற்பாடு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் முதல் ஆளா வந்திருப்பேனே!"

கொட்டாவிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டிவிட்டது. தையல்காரி தைத்து முடித்த சட்டை ஒன்றை எடுத்து முகத்தைத் துடைக்க நீட்டினாள். அதில் பொத்தான் இன்னும் வைத்திருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தங்கை போன் செய்தாள். வழக்கமாக அப்பா சாப்பிட்டார், அப்பா தூங்கினார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, எனக்கு ஆஸ்பத்திரி லேப்ல வேலை வந்திருக்கு. நிரந்தர வேலை. வேற ஊரு."

"எப்ப சேரணும்?"

"அடுத்த மாசம். வரலேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். சும்மா உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விட்டாள். நீளமான, அடியாழத்திலிருந்து வரும் கொட்டாவி. போனைக் காதில் வைத்தபடி இவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரித்த அந்தக் கொட்டாவிச் சத்தம் இவ்வளவு நாளும் தங்கையிடமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் சிஸ்டரைத் தேடிப் போனாள். அவர் பீடத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நான் சொல்ற அழைத்தல் கதை பொய்."

சிஸ்டர் நிமிரவில்லை. "ஜன்னல்ல வெளிச்சம் வந்தப்பவே எனக்கு டவுட்டு. போன தடவை புறா வேற வந்துடுச்சு."

"புறாவா? நானா சொன்னேன்?"

"நீதான். பிள்ளைங்க எல்லாம் வாயைப் பிளந்துட்டுக் கேட்டாங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவை, கட்டிலை, தங்கையின் வேலையை. சிஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகமும் சோர்ந்துதான் இருந்தது. பங்கில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வேலைகள் அத்தனையும் அந்த மூன்று பிள்ளைகளை நம்பித்தான் இருந்தன.

"நீ போனா ரெண்டு பேர். நான் என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியல. போகாதன்னு சொல்லத்தான் வாய் வருது" என்றார். மடித்த துணி ஒன்றை எடுத்து ஓரத்தை நீவினார். "ஆனா நீ ஓடி வந்தேன்னு மட்டும் சொல்லிட்டு இருக்காத. ஓடி வந்த இடத்துல நீ வேலை செஞ்ச. அது பொய் இல்ல. போறதுன்னா நெட்டைக்கு அந்த லாரிக்காரரைத் திருப்பற வேலையைச் சரியாச் சொல்லிக் கொடுத்துட்டுப் போ. போன தடவை அவரோட சேர்ந்து அவனும் கட்டில்ல விழுந்தானாம்."

பாட்டு வழியனுப்புப் பாட்டுப் பாடுகிறேன் என்றாள். வேண்டாம், அழுதுடுவேன் என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி கிளம்பினாள். வருஷ முடிவில் பீடத்தின் முன்னால் நிற்கவைத்துக் கழுத்தில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். அது அவளுக்குக் கிடைக்காது. பஸ்ஸில் உட்கார்ந்து அதை நினைத்தபோது உண்மையாகவே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

தங்கைதான் கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே மை தீட்டியது போலக் கருத்திருந்தது.

"வந்துட்டியா. கையைக் கழுவிட்டு வா. அப்பாவைத் தூக்கணும்."

அப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர். இவளைப் பார்த்ததும், "எங்க இறங்கணும்?" என்றார்.

"இங்கதான்பா."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? பின்பக்கமா இறங்கு."

இருவரும் அவரைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். தங்கை சமையலறைக்குப் போனாள். இவள் பின்னாலேயே போனாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். ஒருத்தி தேய்த்தாள், மற்றவள் அலசினாள்.

"கோவில்ல எல்லாருக்கும் உன்னைப் பத்திப் பெருமை" என்றாள் தங்கை. "ஒரு ஞாயித்துக்கிழமை சாமி உன் பேரைச் சொல்லி எல்லாரையும் செபிக்கச் சொன்னாரு. இந்தக் குடும்பத்துக்குக் கிடைச்ச ஆசீர்வாதம்னாரு. நான் கடைசி வரிசையில நின்னு ஆமென் சொன்னேன். அப்பாவுக்கு மருந்து கொடுக்க நேரமாச்சேன்னு பாதியிலயே ஓடி வந்தேன்."

"நான் உன்னை விட்டுட்டு ஓடிட்டேன்டி."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ பெட்டி கட்டறப்பவே. தலையணை எடுத்து வெச்ச பாரு, அப்பவே. சாமியார் படிப்புக்கு எவ தலையணை எடுத்துட்டுப் போவா?" தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "கோபமாத்தான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா நானும் ஓடித்தான் இருப்பேன்கா. நீ முந்திக்கிட்ட."

வேலைக்குப் போகச் சொல்லி அவளை ஒப்புக்கொள்ள வைப்பது சுலபமாக இல்லை. நீ மறுபடி தனியா மாட்டிக்குவ என்றாள். நான் போய் ஒரு மாசத்துல நீயும் நானும் சண்டை போடுவோம் என்றாள். இரண்டும் நடக்கக்கூடியவைதான். இவள் மறுக்கவில்லை. இருவரும் மாறி மாறி அப்பாவைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பகல் தூங்கிப் பார்த்தார்கள். சில நாள் கழித்து, தங்கை தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வருகிறேன் என்று சொன்னாள்.

தங்கை வேலைக்கு அந்த ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, இவள் உள்ளூர்ப் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தாள். தனக்கு யாராவது வந்து கொஞ்ச நேரம் அப்பாவோடு உட்கார வேண்டும் என்று கேட்டாள். அப்படிக் கேட்க நாக்கு எழவே மாட்டேன் என்றது. இவ்வளவு நாளும் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டியவள். ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்கள். ஒருவரும் வரவில்லை. மறுபடி அறிவித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் தேடி அலைபவர். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே மணிக்கணக்கில் பேசினார்கள். அந்த நேரத்தில் அவள் பல் டாக்டரிடம் அரை நாள் வேலைக்குப் போய் வந்தாள்.

நெட்டை ஒருமுறை போன் பண்ணினான். லாரிக்காரரின் முதுகுப் புண் ஆறிவிட்டதாம். தையல்காரி கோவிலுக்கு வந்தாளா என்று கேட்டாள். "இல்ல. வர மாட்டா போல. என் சட்டைக்கு மட்டும் கை நீளத்தைச் சரி பண்ணிக் கொடுத்தா" என்றான். சாமியார் படிப்புக்குக் குருமடத்தில் சேருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை என்றும் சொன்னான். குரலில் அலுப்புத் தெரிந்தது. நல்லா சாப்பிடு என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மதியம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு வாய் வாங்கிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"சின்னவ எங்க?"

"வேலைக்குப் போயிருக்காப்பா. ஆஸ்பத்திரியில."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல. அங்க வேலை."

அவர் யோசித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார், மறுபடி இவளைப் பார்த்தார். "சின்னவ எங்க?"

காலையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தார். முதுகு விண்விண் என்று தெறித்தது. பல் டாக்டரிடம் வேலைக்குப் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, தபால்காரரை இன்னும் காணோம். எரிச்சலாக வந்தது. கஞ்சியை ஒருமுறை கலக்கினாள்.

"வேலைக்குப் போயிருக்காப்பா" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் கஞ்சியை ஊதி ஊட்டினாள்.