துண்டுக்குள் ஒரு கார்

ராசிபுரத்தில் அந்தத் தெரு முழுக்க நெசவாளிகள். விடிந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் தொடங்கிவிடும். சத்தமில்லாத வீடு முத்தாயம்மாளுடையது மட்டும்தான். நான்கு தறி போடக்கூடிய நீளக் கொட்டகை அவள் வீட்டிலும் இருந்தது. அதில் கார் நின்றது.

அவள் கணவன் சுவாமிநாதனும் அவனுடைய அண்ணன் மருதாசலமும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நூல் கடை வைத்திருந்தார்கள். முப்பத்தாறாம் வருஷம் கையில் காசு புரண்டபோது சுவாமிநாதன் மதராஸுக்குப் போய் அந்தக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். சிவப்பு நிறம், தரையோடு தரையாக இருக்கும் உடம்பு, மடக்கி வைக்கிற துணிக் கூரை. உட்கார இரண்டே இடம். பந்தயத்தில் ஓடுகிற ஜாதி என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்திருந்தான். மறு வருஷம் விஷக் காய்ச்சல் வந்து போய்விட்டான். பிள்ளைகள் இல்லை.

அரிசியும் பருப்பும் கைச்செலவுக்குப் பணமும் மருதாசலத்தின் கடையிலிருந்து தவறாமல் வந்தன. வராதது மனுஷப் பேச்சு. முத்தாயம்மாள் தறிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் பிறந்த வீட்டில் நெய்துகொண்டே சண்டை போடுவார்கள், நெய்துகொண்டே பெண் பேசி முடிப்பார்கள். இங்கே கீரைக்காரி வந்தால் வேண்டுமென்றே பேரத்தை வளர்ப்பாள். கீரைக்காரிக்கும் அது தெரிந்துபோய், எடுத்த எடுப்பில் விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுவாள்.

காரை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் கொட்டகையில் தறி போட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. தறி போட்டால் நெய்கிறவர்கள் வருவார்கள். நெய்கிறவர்கள் வந்தால் வீட்டில் குரல் இருக்கும். இதை மருதாசலத்திடம் சொல்ல அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கணவனின் அண்ணன் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சோத்துக்கு ஏதாச்சும் குறை வெச்சனா அம்மிணி?"

குறை இல்லை என்றாள். வேறென்ன சொல்வது?

இருந்தாலும் காரை விற்பதில் அவருக்கு மறுப்பில்லை. முப்பத்தெட்டில் ஆள் கூட்டி வந்தார். சேலத்தில் பஸ் கம்பெனி வண்டிகளைப் பழுது பார்க்கிற உபகாரசாமி என்பவர். பழைய கார் வாங்கிச் சீர் செய்து விற்பது அவருக்கு இன்னொரு தொழில். கழுத்தில் சிலுவைக் கயிறு, தோளில் துண்டு, விரல் நகமெல்லாம் கறுப்பு. காரைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு, எந்த வண்டியும் கடை வாசலைத் தாண்டிய நிமிஷமே ஒரு பங்கு விலை போய்விடும் என்று அவர் விளக்கினார். அடுத்த இரண்டு மூன்று வருஷம் கிணற்றில் கல் போட்ட மாதிரி இறங்குமாம். அப்புறம் இறக்கம் மெதுவாகும். பழைய வண்டி வாங்குகிறவன் அந்த இடம் பார்த்துத்தான் வரவேண்டுமாம். இந்த ஜாதி வண்டியோ மற்றதைவிட வேகமாக இறங்கும். வண்டித் தடத்தில் வயிறு இடிக்கும், உடைந்தால் சாமான் சீமையிலிருந்து வரவேண்டும், வாடகைக்கும் விட முடியாது.

"ரெண்டு பேர் குந்தற வண்டிங்க இது. மூணாவது ஆளு இல்லாத ஊடு நம்ம பக்கம் ஏதுங்க?" என்று அவர் சிரித்தார். மருதாசலமும் சிரித்தார்.

கதவுக்குப் பின்னால் இருந்தவள் அந்தக் கேள்வியை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

விலையைச் சந்தை வழக்கப்படிதான் பேசினார்கள். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வது. வாய் பேசாது, துண்டுக்குள் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் நூறு, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்நூறு. சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது. கதவிடுக்கில் பார்த்த முத்தாயம்மாளுக்கும் தெரியவில்லை. அவளுடைய கார், அவளுடைய கொட்டகை. மருதாசலத்தின் புருவம் ஏறுவதும் உபகாரசாமியின் தாடை அசைவதும் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் மருதாசலம் கையை உருவிக்கொண்டார். ஆயிரத்து அறுநூறுக்குக் கேட்டான், கொடுக்கவில்லை என்று அப்புறம் சொன்னார். அன்றைய விலைக்கு அந்தப் பணம், தறி மரம், நெசவாளிக்கு முன்பணம், முதல் பாவுக்கு நூல் எல்லாம் சேர்த்துக் கொட்டகை நிறையத் தறி போட்ட பிறகும் மிஞ்சியிருக்கும்.

நாற்பதில் உலகச் சண்டைக் காலம். உபகாரசாமி மறுபடி வந்தார். துண்டு விழுந்தது, கைகள் உள்ளே போயின, மருதாசலம் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். இந்த முறை ஆயிரம். அவர் கணக்கு வேறாக இருந்தது. கடையில் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த நூல் படுத்த இடத்திலேயே விலை ஏறிக்கொண்டிருந்தது. விற்காமல் வைத்தவன்தான் கெட்டிக்காரன் என்று செவ்வாய்ப்பேட்டையே பேசியது. நூல் ஏறுது, இரும்பு ஏறுது, கப்பலில் புது வண்டி வருவதில்லை, அப்படியிருக்க இது மட்டும் ஏறாதா என்று அவர் நம்பினார். முத்தாயம்மாளைக் கெடுக்க நினைத்தவர் அல்ல. தம்பி பெண்டாட்டிக்கு நாலு காசு கூடச் சேர்த்துக் கொடுக்கத்தான் நினைத்தார்.

ஆனால் நூல் ஏற ஏற, அவள் போட நினைத்த தறியும் தூரமாகிக்கொண்டே போனது. கார் ஒரு பக்கம் இறங்கியது, நூல் ஒரு பக்கம் ஏறியது. நடுவில் அவள் கொட்டகைக் கதவைத் திறந்து, எலி கடித்த துணிக் கூரையைப் பார்த்துவிட்டு மூடுவாள்.

உபகாரசாமி மூன்றாவது முறை வந்தது நாற்பத்து மூன்றில். பெட்ரோல் கூப்பனுக்கு ஜனங்கள் அலைந்துகொண்டிருந்த சமயம். பஸ்ஸே கரி அடுப்பை முதுகில் சுமந்துகொண்டு அந்தக் கரி வாயுவில் ஓடியது. பெட்ரோல் குடிக்கிற இரண்டு பேர் வண்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க யோசிப்பார்கள். அவர் அந்தக் கரி பஸ்ஸில் வந்து இறங்கி, முகமெல்லாம் புழுதியோடு கொட்டகைக்குள் போனார். டயரை அழுத்திப் பார்த்தார். ரப்பர் பாளமாக வெடித்திருந்தது. பாட்டரி செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

துண்டு விழுந்தது. அதிக நேரம் ஆகவில்லை. மருதாசலம் கையை எடுத்துவிட்டார்.

"சண்டை முடியட்டும். அப்பப் பேசிக்கலாம்" என்றார்.

உபகாரசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நூலு கட்டுக்குள்ள தூங்குனா விலை ஏறுமுங்க. இது தூங்குனா சாகுதுங்க. விக்கறதுக்கு நேரம் போயி மூணு நாலு வருசமாச்சு. வாங்கறதுக்குத்தான் இப்ப நேரம். யாருக்கும் வேண்டாங்கறப்பத்தானே நான் வாங்கோணும்? சண்டை முடியற வரைக்கும் சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்து, அப்புறம் ஏற்காட்டுத் தோட்டத்துத் தொரை எவனுக்காச்சும் தள்ளி உட்டுருவேன். இதை உங்ககிட்ட மறைச்சு என்னங்க ஆகுது?"

"அந்த வேலையை நானே பண்றேன். நீ எதுக்கு?"

"நீங்க பண்ண மாட்டீங்க. உங்களுக்கு டயரைக் கழட்டி வண்டியைக் கட்டை மேல தூக்கி வெக்கத் தெரியாது. இன்னொரு ரெண்டு வருசம் போனா நான் வர மாட்டேனுங்க. காயலாங்கடைக்காரன்தான் வருவான்."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். மருதாசலம் தடுக்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து முத்தாயம்மாள் அவர் முதுகைப் பார்த்தாள். அவர் வாசலைத் தாண்டினால் கொட்டகை காலியாகப் போவதில்லை. தறி வரப் போவதில்லை. அரிசி வரும், பருப்பு வரும், தெருவெல்லாம் தறி அடிக்கும், அவள் வீடு அப்படியே இருக்கும். அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவள் வெளியே வந்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் உபகாரசாமியிடம். பிறகு மருதாசலத்தின் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல், "மாமா, இதை நான் பேசிக்கறேனுங்க" என்றாள்.

மருதாசலத்துக்கு முதலில் புரியவில்லை. பேசட்டும், கேட்டுவிட்டு உள்ளே போகட்டும் என்றுதான் நினைத்திருப்பார். அவள் வலது கையை நீட்டியதும் புரிந்தது.

"அம்மிணி. பொம்பளை துண்டுக்குள்ள கை வெக்கறதா? அதும் நீ."

"வாயில பேசினா நீங்க மறிச்சுருவீங்க மாமா."

உபகாரசாமி நீட்டிய கையையும் மருதாசலத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் போயே விடுவார் என்றுதான் தோன்றியது. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்து, சுத்தமான பக்கம் அவள் கைமேல் படும்படி போட்டார். தன் கையையும் உள்ளே கொண்டுபோனார்.

சொரசொரவென்று, உலை இரும்பு மாதிரி சூடான கை. அவள் கையை ஆறு வருஷமாக யாரும் தொட்டதில்லை. அம்மா ஊருக்குப் போனால்கூட, புருஷனை இழந்தவள் என்று உறவுக்காரர்கள் தள்ளி நின்றுதான் அழுவார்கள். அவர் அவளுடைய நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். நானூறு. அவள் அவருடைய கையை முழுதாகப் பிடித்தாள். விட்டுவிட்டு மூன்று விரலைப் பிடித்தாள். எண்ணூறு. அவர் இல்லையென்று அவள் விரலை மடக்கினார். அவள் மறுபடி பிடித்தாள். ஒரு விரலை அவர் கழித்தார்; அவள் அதைத் திரும்ப வைத்தாள். மருதாசலம் காரின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருத் தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

முழுக் கையில் வந்து நின்று, அதன்மேல் ஒரு விரல் வைத்து அவள் இறுக்கிக்கொண்டாள். அறுநூறு. அவர் அதைக் கழிக்கவில்லை. பேரம் அங்கே முடிந்துவிட்டது. முடிந்ததும் கையை விட்டுவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கொஞ்சம் தாமதமாகத்தான் விட்டாள். அவரும் அவசரப்பட்டு உருவிக்கொள்ளவில்லை.

"அறுநூறுங்க" என்று மருதாசலத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னார் உபகாரசாமி. "உங்களுக்கு நான் ஐந்நூறுக்கு மேல ஏறலை. இவங்க புடி வேற."

மருதாசலம் செருப்பை மாட்டிக்கொண்டார். "இனி உன்ற பாடு அம்மிணி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அந்த மாசமும் அரிசி வந்தது. வண்டிக்காரன் இறக்கிவிட்டுப் போனான். அவர் வரவில்லை, அதற்கப்புறம் வரவே இல்லை.

காரை இரண்டு மாடு பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் பின்னால் தெருக் குழந்தைகள் கொஞ்ச தூரம் ஓடின. கொட்டகையில் எண்ணெய் ஊறிய தரை மட்டும் கிடந்தது. தறிக்குழி தோண்ட வந்தவன் மண் நாறுகிறது என்று முணுமுணுத்தான். அன்றைய நூல் விலைக்கு இரண்டு தறிதான் தேறியது. மருதாசலத்தின் கடையில் அல்ல, வேறு கடையில், ரொக்கம் கொடுத்து நூல் வாங்கினாள்.

நெய்ய வந்தது சுப்பம்மாளும் அவள் புருஷனும். முதல் நாள் இருவரும் குழியில் கால் விட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்கள். சத்தம் சுவரில் பட்டு வீடு முழுக்கப் பரவியது. அவர்கள் பேசிக்கொண்டார்கள். யாரோ ஒரு மாமியாரைப் பற்றி, ஒரு சீலையின் கரையைப் பற்றி. முத்தாயம்மாளுக்குத் தெரியாத ஆட்கள், தெரியாத சமாசாரம். நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி நின்றாள். எந்த இடத்தில் உள்ளே நுழைவது என்று தெரியவில்லை. ஒருமுறை வாயைத் திறந்தாள். அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். இத்தனை வருஷத்தில் பேச்சு மறந்துவிட்டதோ என்று பயம் வந்தது.

சுப்பம்மாள் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, சும்மா நின்னுட்டே இருக்கறீங்க? நாடாவுக்குத் தார் நூலு தீந்துபோச்சு. சுத்திக் குடுக்க ஆளில்லை."

"எனக்குக் கை பழக்கம் உட்டுப்போச்சு."

"அறுந்தா முடிஞ்சுக்கலாமுங்க. குந்துங்க."

முத்தாயம்மாள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் இழை அறுந்தது. சுப்பம்மாள் புருஷன் சிரித்தான்; ஏளனமாகத்தான் சிரித்தான். அவள் இழையை முடிந்துகொண்டு, அந்த மாமியார் யார், எந்த ஊர் என்று கேட்டாள்.