கரண்ட் போன இடம்

ரதிக்கு ஐம்பது வயது நிறைந்தது மாசி மாதத்தில். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேக் வெட்டினாள், படம் எடுத்தாள், மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். உண்மையில் அவளுக்கு வயது போனது அதற்கும் பிறகு, ஒரு புதன்கிழமை பின்னேரம், கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காயை முறித்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தபோது. கைபேசியில் துஷ்யந்தியின் குரல் செய்தி வந்து விழுந்தது.

துஷ்யந்தி, ரதி படித்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள் சங்கத்துக்கு இந்த வருடச் செயலாளர். முப்பது வயதுகூட ஆகவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. அந்த மரியாதைதான் வினையாகப் போனது.

"ரதி அக்கா, கலைவிழாவில உங்கட பட்ச்சை இந்த முறை போட்டியில போடேல்ல. 'பொற்காலம்' எண்டு ஸ்பெஷலா ஒரு பகுதி வச்சிருக்கம். உங்களை முன்வரிசையில இருத்தி, பொன்னாடை போத்தி, உங்கட காலத்துப் பாட்டைப் போடுவம். நீங்க தொண்ணூற்றி ஒண்டில ஆடின அந்த கிளாசிக் இருக்குத்தானே, அதத்தான் எங்கட பட்ச் ரீமிக்ஸ்ல ஆடுறம். உங்களுக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு நினைக்கிறன்."

வெண்டிக்காய்க்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொனவத, என்ன மிஸ், யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

கிளாசிக். ரதிக்கு அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது. அவளுடைய அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் ரேடியோவில் கேட்டாரே, கதாநாயகன் கண்ணீர் வழியப் படி இறங்கி வரும் பாட்டுகள், அவைதான் அவளுக்கு கிளாசிக். பதினாறு வயதில் அவள் காதைப் பொத்திக்கொண்டு, "இந்த அழுமூஞ்சிப் பாட்டை நிப்பாட்டுங்கப்பா" என்று கத்தியிருக்கிறாள். இப்போது அவளுடைய பாட்டையும் அதே பெட்டிக்குள் போட்டு, அவளையும் கூடவே வைத்து மூடியை மூடுகிறார்கள். வெண்டிக்காயை அப்படியே போட்டுவிட்டு நடைபாதையிலேயே நின்று துஷ்யந்திக்கு அழைத்தாள்.

"பொன்னாடை வேணாம் துஷ்யந்தி. எங்களப் போட்டியில போடுங்க."

"அக்கா, உங்களக் கௌரவிக்கத்தானே..."

"கௌரவம் வீட்டில நிறைய இருக்கு. நாங்க ஆடுறோம், நீங்க மார்க்ஸ் போடுங்க. தோத்தாலும் பரவாயில்ல. தோக்கிறதுக்காவது எங்களுக்கு ஒரு இடம் வேணும்."

"ஆனா பாட்டு ஒண்டாப் போகுமே அக்கா."

"ஒண்ணா இருந்தா என்ன? ஆடிப் பாப்போம்."

ஃபோனை வைத்த பிறகுதான் ரதிக்கு உறைத்தது. வாய் கொடுத்தாயிற்று. போன வருடம் அவளுடைய பட்ச் கடைசியாக வந்தது என்பது வேறு கதை.

அன்றிரவே ஐந்து பேர் சேர்ந்தார்கள். அதில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பிறிஜெற், ஹெந்தளையில் இருந்துகொண்டு கேக் செய்து விற்கிறவள், பள்ளிக்காலத்திலும் உடம்புக்காரி, இப்போதும் உடம்புக்காரி, ஆனால் ஆடத் தொடங்கினால் தரையில் கால் படாது. மற்றவள் சரோஜினிதேவி, யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக் காலத்தில் கொழும்புக்கு வந்து இவர்களோடு படித்தவள், இப்போது கணித ஆசிரியை. எதையும் பிழை பிடிக்காமல் அவளால் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்க முடியாது. அவளுக்கு முழங்கால் சரியில்லை. வாய் மட்டும் நல்ல சுகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரதியின் ஃபிளாட்டில் முதல் ஒத்திகை. புருஷன் ஸ்ரீஸ்கந்தராசாவைக் கடற்கரைப் பக்கம் நடக்க அனுப்பியாயிற்று. சோபாவைச் சுவரோடு தள்ளி, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, கைபேசியில் பாட்டைப் போட்டார்கள். முப்பத்துச் சொச்ச வருடத்துக்குப் பிறகும் கால்கள் மறக்கவில்லை. பல்லவி முடிய வலப்பக்கம், முதல் சரணத்தில் கைகோர்த்து வட்டம். பிறிஜெற் கண்ணை மூடிக்கொண்டே ஆடினாள். இடையில் வயலின் தொடங்கியது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில், உடம்பிலிருந்து உயிர் போனதுபோல, மெல்ல மெல்லத் தரையில் சரிந்தார்கள். ஒரு மூச்சு அப்படியே இருந்துவிட்டு, ஒரே துள்ளலில் எழுந்து கடைசிச் சரணத்தை வாய்விட்டுப் பாடினார்கள்.

கைபேசியில் வயலின் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரும்ப முதலிலிருந்து போட்டார்கள். திரும்பவும் அதே இடத்தில் சரிந்து, எழுந்து, பாட்டுக்கு முன்னால் ஓடிப் போய் நின்றார்கள்.

"பாட்டு பிழை," என்றாள் சரோஜினிதேவி தீர்ப்பாக.

ரதிக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். அந்த நாளில் ஒரு பாட்டு வேண்டுமென்றால் அது ரேடியோவில் வரும்வரை காவல் இருக்க வேண்டும். அவளும் அப்பாவின் ரேடியோ கசெட்டுக்கு முன்னால் இரண்டு பின்னேரம் தவம் கிடந்து இந்தப் பாட்டைப் பதிவு செய்தாள். வயலின் தொடங்கிய இடத்தில் கொட்டாஞ்சேனை முழுக்கக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது வானொலி நிலையத்தில் பாட்டு நின்று இவளுக்காகக் காத்திருக்கவில்லை, கடைசிச் சரணத்துக்குப் போய்விட்டிருந்தது. கசெட்டில் அந்த இடத்தில் "கீச்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு மூச்சு அமைதி, பிறகு சரணம். பெண்கள் அதையும் பாட்டின் பகுதியென்றே எடுத்துக்கொண்டு, கரண்ட் போனதற்கும் ஒரு ஸ்டெப் போட்டு, அந்த வருடம் முதலாம் பரிசும் வாங்கினார்கள்.

"அப்ப நாங்க இவ்வளவு காலமும் ஆடினது கரண்ட் கட்டுக்கா?" என்றாள் பிறிஜெற்.

"ஓம்," என்றாள் சரோஜினிதேவி, "அதுக்குக் கப்பும் தந்தவை."

அன்று சிரித்தார்கள். அடுத்தடுத்த ஒத்திகைகளில் சிரிப்பு நின்றுபோனது. சரியான பாட்டுக்கு ஆடப் பழகுவோம் என்று சரோஜினிதேவி வயலினுக்குப் புதிய அடிகள் போட்டுக் கொடுத்தாள். கைதட்டித் தாளம் எண்ணினாள், திட்டினாள், கெஞ்சினாள். தலை கேட்டது, கால் கேட்கவில்லை. வயலின் கேட்டவுடன் ஐந்து உடம்பும் தானாகச் சரிந்தது. இளம் வயதில் ஏறியதை இறக்க அவர்களால் முடியவில்லை. துஷ்யந்தியின் ஆட்கள் தெமட்டகொடையில் ஒரு நடன ஆசிரியரை வைத்துப் பழகுகிறார்களாம் என்று வேறு செய்தி வந்தது.

"ரதி, நான் ஒண்டு சொல்லட்டே," என்றாள் சரோஜினிதேவி கடைசி ஒத்திகையில், முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு. "பொன்னாடையைப் போத்திக்கொண்டு இருந்திருக்கலாம். மேடையில இப்பிடிப் பிழை விட்டா, கிழவியளுக்கு மறதி வந்திட்டுது எண்டுதான் சனம் சொல்லும்."

ரதிக்கு அழுகை வந்தது. அவளுக்கும் அதே பயந்தான். விழுவதுகூடப் பரவாயில்லை, விழுந்ததற்கு வயதைக் காரணம் சொல்வார்களே, அதைத்தான் தாங்க முடியாது. அன்றிரவு சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நாங்கள் ஏன் திருந்த வேண்டும்? எங்களுக்குத் தெரிந்த பாட்டு அதுதான். அதை ஆடித்தானே வென்றோம்.

கலைவிழா வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில். ரதி நேரத்தோடு போய், மேடைக்குப் பக்கத்தில் வயர்களுக்கு நடுவில் இருந்த சவுண்ட்காரர் ரொனியைப் பிடித்தாள். நாற்பது வயது மதிக்கலாம், மண்டபத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத ஆள்.

"தம்பி, வயலின் தொடங்கின உடனே சத்தத்த வெட்டணும். ஒரு மூச்சு விட்டுட்டு, நேரா கடைசிச் சரணத்துல போடணும்."

ரொனி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அன்ட்டி, நடுவில நிண்டா சனம் என்ட செட் பழுது எண்டு சொல்லும். நாளைக்கு எனக்குக் கல்யாண ஓடர் ஒண்டும் வராது."

"பழுதுன்னு யாராவது சொன்னா, நான் மைக்குல சொல்றேன், எங்க பிழைன்னு."

ரொனி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். "செய்வம். ஆனா அந்த இடத்தில என்னைப் பாருங்க, நான் உங்களைப் பாப்பன்."

மண்டபம் நிறைந்திருந்தது. பட்ச் வாரியாக மேசைகள். முன்னுக்கு இளசுகள், பின்னுக்கு அக்காமார். ரதியின் பட்ச்சை அழைத்தபோது அறிவிப்பாளர், "இவங்கட துணிச்சலுக்கு ஒரு கைதட்டல்" என்று சொன்னார். துணிச்சலுக்கு. ரதி பல்லைக் கடித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

பாட்டு தொடங்கியது. பல்லவிக்கு மண்டபம் மரியாதையாகக் கைதட்டியது. முதல் சரணத்தில் பிறிஜெற் ஒரு சுற்றுச் சுற்றினாள், முன்மேசை இளசுகள் விசிலடித்தார்கள். ரதி எதையும் கேட்கவில்லை. வயலினுக்காகக் காத்திருந்தாள். வயலின் வந்தது. ரொனியைப் பார்த்தாள். ரொனி வெட்டினார்.

மண்டபம் திடுக்கிட்டு அமைதியானது. அந்த அமைதிக்குள் ஐந்து பேரும் சரிந்தார்கள். சரோஜினிதேவியின் முழங்கால் சொடுக்கியது ரதிக்குக் கேட்டது. முன்வரிசையில் துஷ்யந்தி பதறி எழுந்து ரொனி பக்கம் கையைக் காட்டுவது தெரிந்தது. போச்சு, என்று நினைத்தாள் ரதி.

அப்போது பின்னால், தொண்ணூற்றி மூன்றுக்காரர்களின் மேசையிலிருந்து ஒரு பெண் குரல் உரக்கச் சொன்னது: "கீச்."

இன்னொரு மேசையிலிருந்து இன்னொரு "கீச்". பிறகு பின்பக்கம் முழுவதும் கீச்சிட்டது. பட்டுச் சேலையும் நகையுமாக, பாட்டிகளாகிவிட்டவர்கள் உட்பட, கதிரையைத் தள்ளிவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் சரிந்தார்கள். ரதிக்கு உடனே விளங்கிவிட்டது. அவளுடைய கசெட்டைத்தான் அடுத்த பட்ச் பதிவு செய்து ஆடியது, அதிலிருந்து அதற்கடுத்த பட்ச். ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அந்தப் பாட்டு அவளுடைய வீட்டுக் கரண்ட் போன பாட்டாகத்தான் தெரியும். வயலினை அவர்களில் யாருமே கேட்டு வளரவில்லை.

சரணம் விழுந்தது. மேடையில் ஐந்து பேரும் மண்டபத்தில் நூறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். பாட்டுக்காரியின் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை, அவ்வளவு சத்தமாகப் பாடினார்கள். பிறிஜெற் அழுதுகொண்டே ஆடினாள். சரோஜினிதேவி முழங்காலை மறந்து துள்ளினாள். ரதிக்குத் தன் வாழ்க்கையில் இப்படியொரு சந்தோஷம் வந்ததாக நினைவில்லை, பதினாறு வயதிலும்கூட. அன்று பரிசு கிடைத்தது, அவ்வளவுதான். இன்று ஒரு ஊரே கூட ஆடியது.

அடுத்தது துஷ்யந்தியின் பட்ச். அதே பாட்டு, ரீமிக்ஸ், மின்னுகிற உடுப்பு, பழகிய உடம்புகள். உண்மையைச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அபாரமாக ஆடினார்கள். வயலின் வரும்வரை. வயலின் தொடங்கியதும் மண்டபம் முழுவதும், இந்த முறை முன்மேசை இளசுகளும் சேர்ந்து, "கீச்" என்று கத்திச் சரிந்தது. யாரும் சொல்லாமலே ரொனி சத்தத்தை வெட்டினார். மேடையில் பிள்ளைகள் தூக்கிய காலோடு நின்றார்கள். துஷ்யந்தி மண்டபத்தைப் பார்த்தாள், ரொனியைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல், சிரிப்பை அடக்க முடியாமல், அவளும் மெல்லச் சரிந்தாள்.

நடுவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. முதலாம் பரிசு தொண்ணூற்றி ஒன்றுக்கு. கோப்பையைக் கொடுக்கும்போது துஷ்யந்தி ரதியைக் கட்டிப்பிடித்து, "அக்கா, அந்த ஸ்டெப்பை யார் போட்டது?" என்று காதுக்குள் கேட்டாள்.

"கரண்ட்," என்றாள் ரதி.

துஷ்யந்திக்கு விளங்கவில்லை. அதை விளக்க நேரமும் இல்லை. மண்டபம் இன்னொரு முறை வேண்டுமென்று மேசையைத் தட்டியது. எல்லா பட்ச்சும் மேடைக்கு ஏறின, இடம் போதாமல் பாதிப் பேர் படியில் நின்றார்கள். ரதி மூச்சு வாங்க நடுவில் நின்றாள். ஐம்பது வயது உடம்பு முழுவதும் வலித்தது. பாட்டு பழசாகிவிட்டது, ஆகட்டும். இத்தனை பேருக்குள் புகுந்து உட்கார ஒரு பாட்டுக்கு இவ்வளவு காலம் எடுக்கத்தான் செய்யும்.

ரொனி தன் மைக்கை எடுத்தார். "அன்ட்டி, எதைப் போட? ஒரிஜினலையா, உங்கடதையா?"

ரதி துஷ்யந்தியின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"எங்கடதுதான் ஒரிஜினல்," என்றாள். "போடுங்க."