சிவப்பு அம்பு

பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கமராவின் மேல்மூடியைக் கழற்றினேன். மூன்று கிழமைக்குள் இது நாலாவது தடவை. அரை நூற்றாண்டு பழைய ஜப்பான் கமரா, பிலிம் போட்டு எடுக்கிற வகை. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் மேல் ஓரத்தில் இரண்டு சின்ன அம்புகள் உண்டு. பொத்தானைப் பாதி அமத்தினால், வெளிச்சம் போதாத இடத்தில் மஞ்சள் அம்பு எரியும். வெளிச்சம் மிஞ்சிப்போனால் சிவப்பு அம்பு எரியும். என் கமராவில் மஞ்சள் ஒழுங்காக எரிந்தது. சிவப்பு எரிவேனா என்றது.

இதை எனக்கு விற்றவர் முனாஸ். எட்டு வருடம் ஒரே பஸ்ஸில் கண்டிக்குப் போனவர்கள் நாங்கள். அவர் திகனயில் ஏறுவார், நான் குண்டசாலையில் ஏறுவேன், ஒரு சீட் பிடித்து வைத்திருப்பார். நான் மாநகரசபையில் லைசன் பிரிவு கிளாக். அவர் அப்போது ஒரு போன் கடையில் வேலை. இப்போது திகனயில் சொந்தமாகப் போன் திருத்தும் கடை வைத்து, பக்கத்தில் பழைய கமராக்களையும் சரிபண்ணி விற்கிறார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிற ஆள் கடை வாசலில் நின்று இரண்டு அம்பையும் தன் கண்ணால் பார்த்து, தெரிகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உறையில் போடுவார். என்னிடமும் கேட்டார். மஞ்சளுக்குத் தெரிகிறது என்றேன். வானத்தைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லிச் சிவப்பைக் கேட்டார். அதற்கும் தெரிகிறது என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்பு இல்லை. போன் எடுத்தேன். "அது எரியுது. நீங்கதானே பாத்திட்டு தெரியுதுண்டு சொன்னீங்க ஜனகன்," என்றார் முனாஸ். அவசரப்படுத்தி வாங்க வைத்துவிட்டதாக நான் கத்தினேன். கொண்டு வாருங்கள், திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் புத்தி வேலை செய்யாது. கண்டியில் பிலிம் கமரா வைத்திருக்கும் இருபத்தாறு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில், திகனயில் கமரா வாங்குகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து வாங்குங்கள், எரியாததை எரிகிறது என்று தலையில் கட்டிவிடுவார்கள் என்று எழுதினேன். திகனயில் கமரா விற்கிற ஆள் ஒரே ஒருவர்தான். முனாஸ் ஒரு சொல் பதில் எழுதவில்லை. அன்று மாலையே குழுவை விட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சிவப்பு விளக்கு தேவைப்பட்டது படம் எடுப்பதற்காக அல்ல. அது எங்கே கெட்டது என்று கண்டுபிடித்து, நான் சொன்னது சரி என்று காட்ட வேண்டும். பற்றரி புதிதாகப் போட்டேன். பற்றரி உட்காரும் இடத்துப் பச்சைக் களிம்பை வினாகிரி தொட்டுத் துடைத்தேன். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன், எதுவும் விட்டுப் போயிருக்கவில்லை. அந்தப் போயா நாளில், கமராவை ஜன்னல் வெயிலுக்கு நேரே வைத்து, பொத்தானைப் பாதி அமத்தியபடி கட்டிவிட்டு, கரண்ட் பார்க்கிற மீற்றரின் இரண்டு ஊசியையும் சிவப்பு பல்பின் காலில் வைத்தேன். கரண்ட் வந்தது. பல்ப் நல்ல பல்ப், கரண்டும் வருகிறது, ஆனால் எரியவில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில், பல்பின் மேல் தொப்பி போலச் செருகியிருந்த சின்னக் கலர் மூடியை இடுக்கியால் பிடுங்கினேன். பல்ப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் திரும்ப வைத்தேன். அணைந்துவிட்டது. எடுத்தேன், எரிந்தது. வைத்தேன், அணைந்தது. மூடிதான் அழுக்கேறித் தடித்துப்போய்விட்டது, மாட்டினார் முனாஸ் என்று நினைத்தபோது வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நிரஞ்சனியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். என் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"எரியுதுங்களே," என்றாள்.

மூடி போட்டிருக்கும்போது பார் என்றேன்.

"போட்டுத்தாங்க இருக்கு. செவப்பா எரியுது. நல்லாவே எரியுது."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடுகிற முகம் இல்லை. மறுபடி பல்பைப் பார்த்தேன். கறுத்த ஒரு புள்ளி இருந்தது.

பிறகு அவள் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டி, போயா நாளின் எண் என்ன நிறம் என்று கேட்டாள். கறுப்பு என்றேன். மற்ற எண்கள்? அவையும் கறுப்புத்தான், இது கொஞ்சம் மங்கல். குசினிக்குள் போய் இரண்டு தக்காளி எடுத்து வந்தாள், எது பழம் என்றாள். அமத்திப் பார்க்கக் கையை நீட்டினேன், கையை இழுத்துக்கொண்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினாறு வருடமாகச் சந்தையிலிருந்து காய்த் தக்காளி வாங்கி வருகிறேன் என்று ஏச்சு வாங்கியிருக்கிறேன். கவனமில்லாத மனுசன் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் இலைக்கு மண்ணிறம் பூசி வகுப்பே சிரித்த நாளிலிருந்து, நிறத்தைப் பற்றி யார் கேட்டாலும் முந்திக்கொண்டு தலையாட்டுவது எனக்குப் பழகிவிட்டது. முனாஸிடம் தெரிகிறது என்று சொன்னதும் அதே வாய்தான்.

நிரஞ்சனி வாசலில் பூத்திருந்த செவ்வரத்தையைக் கேட்டாள். வீதியில் போன அரசாங்கத்துச் சிவப்பு இ.போ.ச. பஸ்ஸைக் கேட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம கல்யாணத்தன்னைக்கு என் கூறச்சேல?" என்றாள்.

நல்ல கோப்பிக் கலர் என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கு அழவோ சிரிக்கவோ தோன்றவில்லை, மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவள் நெற்றியில் நாள் தவறாமல் ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கோயிலில், சந்தையில், பஸ் நிலையத்தில், நான் போன இடமெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நாற்பத்துநாலு வயதுவரை அதற்குள்ளேயே நடந்து திரிந்திருக்கிறேன். உலகம் நான் நினைத்ததைவிட ஒரு மடங்கு பெரியது என்று யாரோ அப்போதுதான் வந்து சொன்னது போல இருந்தது. பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

மேல்மூடியைப் பூட்டிவிட்டுக் குழுவில் எழுதினேன். கமராவில் பிழை இல்லை, என் கண்ணில்தான் பிழை, முனாஸ் சொன்னது உண்மை. இருபத்துநாலு பேர் வாசித்தார்கள். வாசிக்க வேண்டியவர் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திகனக்குப் போனேன். முனாஸ் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், கதிரையைக் காட்டினார், வேலையை விடவில்லை. பஸ்ஸில் வரும்போது அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. கமராவை மேசையில் வைத்தேன்.

"எரியுது முனாஸ். எனக்குத்தான் செவப்பு தெரியல. பொறந்ததுலேருந்தே தெரியல போல. உங்கள அப்படி எழுதினது பெரிய தப்பு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கமராவை எடுத்து வாசல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"கண்ணு தெரியாதது உங்கட குத்தம் இல்ல," என்றார். "எட்டு வருசம் பக்கத்துல இருந்தீங்க. எரியுதுண்டு நான் சொன்னத நீங்க நம்பல்லயே. அதுதான் எனக்கு."

ரோட்டில் இரண்டு லொறிகள் போய் முடிந்தன. பிறகு அவரே, சிவப்பு மூடியை எடுத்துவிட்டு நீல மூடி போட்டால் உங்களுக்குத் தெரியும்தானே, பத்து நிமிட வேலை என்றார். வேலை பேசுகிற குரலில்தான் சொன்னார். அது பிறகு இருக்கட்டும், முதலில் உங்களை ஒரு படம் எடுக்க வேண்டும் என்றேன். அவர் கமராவை எடுத்து, வெயில் விழுந்த கடைப் படியை அதனூடாகப் பார்த்து, வெளிச்சம் குறைய லென்ஸ் வளையத்தை ஒவ்வொரு படியாகத் திருப்பினார்.

"எரியுது. இன்னம் எரியுது. இப்ப அணஞ்சிட்டு."

கமராவை என் கையில் தந்துவிட்டுப் போய்ப் படியில் நின்றார். சட்டைக் கொலரைச் சரிபண்ணவில்லை. சிரிக்கவும் இல்லை. நான் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பொத்தானைப் பாதி அமத்தினேன். முனாஸ் தெரிந்தார், அவருக்குப் பின்னால் ரோட்டும் பாதி மலையும் தெரிந்தன. மேல் ஓரம் கறுப்பாக இருந்தது. அது எரிந்தபோதும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த நேரம் முகில் விலகி, வெயில் படியில் இன்னும் பலமாக விழுந்தது. முனாஸ் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப திரும்ப எரியும்," என்றார். "இன்னொரு படி திருப்புங்க."

கண்ணை எடுக்காமலே வளையத்தை ஒரு படி திருப்பினேன். கறுப்புக்குள் அந்த அம்பு அணைந்தது.