சுண்டைக்காய் அளவு

என் மனைவி சந்திரம்மாள் வீட்டில் புதுசாக எதையாவது சமைத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கஃபேயில் ஏழு வருஷமாகச் சமையல்கட்டில் நிற்கிறாள். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு என்னென்னவோ செய்கிறாள். வீட்டில் ரசம், சோறு, ஒரு பொரியல், அவ்வளவுதான். கேட்டால், "நாள் பூரா அங்க அடுப்புல வெந்துட்டு வரேன், இங்கயும் வேகணுமா?" என்பாள். அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்து மைதா மாவு பிசைகிறாள் என்றால் சும்மாவா?

அதுவும் என்னைப் பொய் சொல்லி வரவழைத்திருந்தாள். கீழ்பென்னாத்தூரில் வேனில் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். "கேஸ் லீக் ஆவுது, ஒடனே வாங்க" என்று போன் வந்தது. பதறியடித்துக்கொண்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து பார்த்தால் லீக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடுப்பில் காளான் காம்பு, கோஸ் தண்டு, இஞ்சி, பூண்டு எல்லாம் ஒரு குண்டானில் கொதித்துக்கொண்டிருந்தன.

"எங்கடி லீக்கு?"

"நின்னுடுச்சி. உக்காருங்க. வாண்டன் நூடுல்ஸ் சூப் செய்யறேன்."

"அது இன்னா கர்மம்?"

"மாவுக்குள்ள காய் வெச்சி மடிச்சி, நூடுல்ஸோட சூப்புல போடறது. கஃபேல நல்லா ஓடுது."

"எனக்கு விரதம்னு தெரியும் இல்ல?"

"பன்னீரு, கோஸு, காளான். கறி கெடையாது. சாப்பிடலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எந்த விரதமும் கிடையாது. நாலு மாதமாக நெஞ்சுக்கு நடுவில் சாப்பாடு நிற்கிறது. முதலில் கறித்துண்டு நின்றது. கார்த்திகை தீபம் முடிகிற வரைக்கும் கறி தொட மாட்டேன் என்று சாமி பெயரைச் சொல்லித் தப்பித்தேன். பிறகு சப்பாத்தி நின்றது. "வெளியிலயே சாப்ட்டுட்டேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போனேன். "வேலூர் போயி டியூப் விட்டுப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் மூன்று மாதமாக வேனில் ரப்பர் விரிப்புக்கு அடியில் கிடக்கிறது.

என் அண்ணன் பரசுராமனுக்கும் இதே தொல்லைதான். நடந்தே ஆஸ்பத்திரிக்குள் போன மனுஷன், நாலே மாதத்தில் போட்டோவாகச் சுவரில் ஏறிவிட்டார். போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பார் என்பது என் எண்ணம். சந்திராவுக்குத் தெரிந்தால் காதைப் பிடித்து வேலூருக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் அவளுக்குத் தெரியவே கூடாது.

தெரிந்துவிட்டதோ? கதவோரம் நின்று அவளையே பார்த்தேன். மாவைச் சப்பாத்திக் கட்டையால் கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தேய்த்தாள். கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டினாள். நடுவில் பூரணம் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடித்து, இரண்டு மூலையையும் சேர்த்து அழுத்தினாள். எல்லாம் சரிதான். ஆனால் ஒன்று எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது, ஒன்று நெல்லிக்காய் அளவுக்கு, இன்னொன்று சுண்டைக்காய் அளவுக்கு.

"ஏழு வருஷமா இதான் கத்துக்கினியா? ஒண்ணு குண்டு, ஒண்ணு நோஞ்சான்!"

நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குத் திக்கென்றது. சண்டை போடாத சந்திராவை நான் நம்பவே மாட்டேன்.

வேனைக் குடைந்திருப்பாளோ? சாவி என் பையில்தான் இருந்தது. டாக்டர் யாரிடமாவது சொல்லியிருப்பாரோ? ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகள் கவிநிலா ஏதாவது கேட்டு அனுப்பியிருப்பாளோ? வண்டி வாங்கித் தா என்று போன மாதமே அடி போட்டாள். அதற்குத்தான் இந்த உபசாரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மனசு தேறவில்லை.

கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள், மிளகுத்தூள், சூப்பில் மிதக்கிற மூட்டைகள். எண்ணிப் பார்த்தேன். பெரிசில் நாலு, நடுவாந்தரத்தில் நாலு, சின்னதில் நாலு. கை வாகுக்கு விழுந்தது என்றால் இவ்வளவு கச்சிதமாகவா விழும்? டிவியை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு?"

"அப்பறம் சாப்பிடறேன். நீங்க சாப்பிடுங்க."

அவள் பார்வை என் தொண்டையிலேயே இருந்தது. ஒரு வாய் சூப் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அமிர்தம். இஞ்சிக் காரம் இதமாக இறங்கியது. சின்ன வாண்டனை எடுத்துப் போட்டேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்ததும் போனது. எத்தனை நாளாயிற்று, ஒன்றை மென்று விழுங்கி! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மிளகு காரம் என்று சொல்லி மழுப்பினேன்.

நாலு சின்னதும் முடிந்தது. நடுவாந்தரத்தில் ஒன்றை மென்று மென்று, தண்ணீர் குடித்துத் தள்ளினேன். அடுத்தது பாதி வழியில் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. குனிந்து, கீழே எதையோ தேடுகிறவன் போல நடித்து, அது நகர்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பெருசு சாப்பிடலையா?"

"சூடா இருக்குது."

"ஆறிப் போச்சி."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் என்ன, பரீட்சையா வைக்கிறாள்? நான் என்ன நோயாளியா? எலுமிச்சம்பழ அளவு வாண்டனைக் கரண்டியில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனேன். சந்திரா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். சூப்பு மேஜையெல்லாம் கொட்டியது.

"யோவ், வேணாம்யா! போதும்!"

கரண்டியைப் பிடுங்கி வைத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"பெருசு நாலும் அப்படியே கெடக்குது. நடுவுல ரெண்டு மிச்சம். சின்னது மட்டும்தான் எறங்குது. இப்பவாச்சும் சொல்லுவியா, இன்னும் விரதம்தானா?"

"உனக்கு யார் சொன்னது?"

"தட்டு சொல்லுச்சி. ஏழு வருஷமா திரும்பி வர்ற தட்டைத்தான பாக்கறேன். யாருக்குப் பல்லு வலி, யாருக்கு வயிறு சரியில்ல, யாருக்கு ருசி புடிக்கலன்னு மிச்சத்தைப் பாத்தே சொல்லிடுவேன். எம் புருஷன் தட்டு மட்டும் தெரியாதா? மொதல்ல தோசை ஓரம் திரும்பி வந்துச்சி. அப்பறம் தோசையே திரும்பி வந்துச்சி. கேட்டா பொய் சொல்லுவ. அதான் கேக்காம செஞ்சி வெச்சேன்."

நான் எழுந்தேன். கத்தினேன். "அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்தான செத்தாரு! என்னையும் அங்க அனுப்பப் பாக்கறியா?"

"ஆஸ்பத்திரி போனதால அவர் சாவல. எட்டு மாசம் மறைச்சிட்டுப் போனதால செத்தாரு. எதிர்ல உக்காந்து சோறு போட்டும் கண்டுபிடிக்கலையேன்னு உங்க அண்ணி இன்னிக்கும் தலையில அடிச்சிக்கினு அழுவுது. நானும் அப்படி அழணுமா? சொல்லுய்யா, அழணுமா?"

வேனுக்குப் போனேன். விரிப்பைத் தூக்கி, மண்ணும் எண்ணெயும் படிந்த காகிதத்தை எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன். தேதியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள்.

"பயமா இருக்குது சந்திரா" என்றேன். நாலு மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"எனக்கு மட்டும் இல்லையா?" மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு. நீ ஓட்ட வேணாம். நாளைக்கும் லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன். வழியில சாப்பிட சூப்பு ஃப்ளாஸ்க்ல எடுத்துக்கலாம். அதுல போடறதெல்லாம் அப்பவே மடிச்சி வெச்சிட்டேன்."

சமையல்கட்டுக்குள் போனேன். ஜன்னலோரம் ஒரு தாம்பாளம் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. துணியை விலக்கினேன். வரிசை வரிசையாக இருபத்தைந்து, முப்பது வாண்டன் இருக்கும். எல்லாமே சுண்டைக்காய் அளவு.